தனியார் தெரபிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: அந்த அறைக்குள் என்ன நடக்கிறது

"எதுக்கும் ஒரு கவுன்சிலிங் போயிட்டு வாயேன்." சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இப்போது இது சாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சு. மகன் படிக்க மாட்டேன் என்றாலும் சொல்கிறார்கள், அம்மா இறந்த பிறகு அப்பா சாப்பிட மறுத்தாலும் சொல்கிறார்கள். இந்த அளவுக்குப் பேச ஆரம்பித்ததே நல்லதுதான். ஆனால் அங்கே போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். புத்திமதி சொல்வார்கள் என்பார் ஒருவர். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள் என்பார் இன்னொருவர். மணிக்கு 180 வெள்ளி வாங்கிக்கொண்டு சும்மா தலையாட்டுவார்கள், அதற்கு நம்ம பெரியப்பாவிடமே பேசிவிடலாம் என்றும் சொல்வார்கள்.

தப்பான எதிர்பார்ப்போடு போகிறவர் ஒரே சந்திப்பில் ஏமாந்து திரும்பிவிடுகிறார். "எனக்கு அதெல்லாம் ஒத்துவரல" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அப்புறம் உண்மையிலேயே தேவைப்படும் நேரத்திலும் போக மாட்டார். மனநலக் கழகம் முன்னின்று நடத்திய 2016 நாடளாவிய ஆய்வின்படி, இங்கே ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் போன்ற கோளாறு இருந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் எந்த நிபுணரிடமும் உதவி தேடியதில்லை. அதனால்தான் அந்த அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து காட்ட நினைக்கிறேன்.

யாரிடம் போகிறோம்?

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் போன்ற மருத்துவப் படிப்பை முடித்து, அதன்மேல் மனநோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதிக் கொடுப்பவர் இவர். சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியல் படித்தவர். பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருவார், சோதனைகள் நடத்துவார், மருந்து எழுத மாட்டார். இவர்களில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படுபவர்கள் மனநோய்ச் சிகிச்சைக்கென்றே முதுகலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்தவர்கள். கவுன்சிலர் என்பவர் ஆலோசனைத் துறையில் பயின்றவர். துக்கம், மண வாழ்க்கைச் சிக்கல், வேலை அழுத்தம் போன்றவற்றில் அதிகம் ஈடுபடுவார். தெரபிஸ்ட் என்பது மேலே சொன்ன பலரையும் பொதுவாகக் குறிக்கும் பெயர். அந்தப் பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய தகுதியை எடைபோட முடியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மனநல மருத்துவர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் அந்தப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சைக்காலஜிஸ்டுகளும் கவுன்சிலர்களும் நீண்ட காலமாகத் தாங்களே விரும்பித்தான் பதிவு செய்துவந்திருக்கிறார்கள். முன்னவர்களுக்கு சிங்கப்பூர் சைக்காலஜிக்கல் சொசைட்டி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, பின்னவர்களுக்கு சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெயர் இருந்தால், இன்ன படிப்பு, இத்தனை மணிநேரப் பயிற்சி என்று வேறொருவர் சரிபார்த்திருக்கிறார் என்று அர்த்தம். "நீங்க எங்க படிச்சீங்க, எந்தச் சங்கத்துல பதிவு பண்ணியிருக்கீங்க?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறிவுரை இல்லையென்றால் அங்கே நடப்பதுதான் என்ன?

இந்த ஊரில் துணைப்பாட வகுப்பைப் பற்றித் தெரியாத பெற்றோர் இருக்க முடியாது. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு மோசமான ஆசிரியர் விடையை எழுதிக் கொடுத்துவிடுவார். நல்ல ஆசிரியர் அப்படிச் செய்வதில்லை. "நீ எப்படிப் போட்டே, ஒவ்வொரு வரியா சொல்லிக்கிட்டே போடு" என்பார். பிள்ளை சொல்லிக்கொண்டே போகும்போது, மூன்றாவது வரியில் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறான் என்பது தெரியவரும். ஒரு கணக்கில் மட்டும் அல்ல, அந்த மாதிரிக் கணக்கு எது வந்தாலும் அதே வரியில்தான் சறுக்குகிறான். அந்த வரியைச் சரிசெய்யப் பயிற்சி கொடுத்து, வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்புவார். தேர்வை அவன்தான் எழுத வேண்டும்.

தெரபியும் ஏறக்குறைய இப்படித்தான். உங்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சறுக்குகிற அந்த வரியைக் கண்டுபிடிக்கிற வேலை அது. பெரியப்பா அன்போடு விடையைச் சொல்லிவிடுவார். "அந்த வேலையை விட்டுடு", "அவகிட்ட நீயே போய்ப் பேசிடு" என்பார். சில நேரம் அதுவே போதும். அது போதாதபோதுதான் இங்கே வருகிறோம்.

இனி உள்ளே இருக்கும் இயக்கத்தைப் பார்ப்போம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு எம்ஆர்டியில் வேலைக்குப் போகிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை கூட்டத்தில், காத்திப் தாண்டி இயோ சூ காங் வரும்வரை உள்ள அந்த நீளமான ஓட்டத்தில், திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை மரத்துப்போகிறது. மாரடைப்பு என்றே நினைத்துவிடுகிறார். இயோ சூ காங்கில் கதவு திறந்ததும் பாய்ந்து இறங்கி, நடைமேடையில் உட்கார்கிறார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மருத்துவரிடம் காட்டுகிறார். இதயத்தில் கோளாறு இல்லை.

அவருக்கு வந்தது பீதித் தாக்கு. உயிருக்கு ஆபத்து என்று உடல் தப்பாகப் புரிந்துகொண்டு அட்ரினலினைச் சுரந்து எழுப்புகிற எச்சரிக்கைதான் அது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு, தானாகவே இறங்கத் தொடங்கும். ஆனால் அது தானாக இறங்கும் என்பதை அவர் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போய்விட்டது, ஏனென்றால் அவர் ரயிலைவிட்டு இறங்கிவிட்டார். இறங்கியதும் நிம்மதி வந்தது. "இறங்கினதாலதான் பிழைச்சே" என்று மூளை பாடம் படித்துக்கொண்டது. மறுநாள் ரயிலைப் பார்த்தாலே படபடப்பு. டாக்சியில் போகிறார், அங்கேயும் அதே நிம்மதி, அதே பாடம் இன்னொரு முறை. கொஞ்ச நாளில் பஸ்ஸும் வேண்டாம், மின்தூக்கியும் வேண்டாம் என்றாகிவிடுகிறது. இதற்குத் தவிர்த்தல் என்று பெயர். பயத்தை இறக்கிவைக்கிற மாதிரித் தெரிந்தாலும், பயத்துக்குத் தீனி போட்டு வளர்ப்பது அதுதான்.

அவருடைய கணக்கில் சறுக்கும் வரி இது. இதை வெளியிலிருந்து பார்க்கும் குடும்பத்தினர் "பயப்படாதே, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் உடல் கேட்பதில்லை. தெரபிஸ்ட் என்ன செய்வார் என்றால், முதலில் இந்தச் சுழலை அவரோடு சேர்ந்து தாளில் வரைவார். பிறகு படிப்படியாக ஒரு பட்டியல் போடுவார்கள். கூட்டம் இல்லாத ஞாயிறு காலையில் ஈசூனிலிருந்து காத்திப் வரை ஒரே ஒரு நிறுத்தம். அது பழகியதும் இயோ சூ காங் வரை. படபடப்பு வந்தாலும் இறங்காமல் இருந்து, அது ஏறி இறங்குவதைத் தானே பார்ப்பது. கடைசியில்தான் வேலைநாள் காலைக் கூட்டம். இப்படி அஞ்சியதை அளவோடு எதிர்கொள்வதும், "செத்துவிடுவேன்" என்று அந்த நேரத்தில் ஓடுகிற எண்ணத்தைப் பிடித்துச் சோதித்துப் பார்ப்பதும் சிபிடி (Cognitive Behavioural Therapy, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) என்ற முறையின் பகுதிகள். எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன, ஒன்றை மாற்றினால் மற்றவையும் அசையும் என்பது அதன் அடிப்படை. 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு வித்திட்டார்.

எல்லாத் தெரபியும் சிபிடி இல்லை. சிறுவயது உறவுகள் இன்றைய உறவுகளில் எப்படித் திரும்பத் தலைகாட்டுகின்றன என்று நிதானமாகப் பார்க்கிற முறையும் உண்டு. தம்பதியை ஒன்றாக உட்காரவைத்துச் செய்கிற முறைகளும் உண்டு. துக்கத்தில் இருப்பவருக்குச் சரிசெய்ய வேண்டிய "வரி" என்று எதுவுமே இல்லாமல் இருக்கலாம். அங்கே தெரபிஸ்ட் செய்வது, மற்றவர்கள் கேட்டுச் சலித்துப்போன துக்கத்தைச் சலிக்காமல் கேட்டு, அதற்கு ஓர் இடம் ஒதுக்கித் தருவது.

முறை எதுவானாலும் பலன் கிடைக்குமா என்பதோடு தொடர்ந்து தொடர்புள்ளதாக ஆய்வுகள் காட்டுவது ஒன்று உண்டு. உங்களுக்கும் தெரபிஸ்டுக்கும் இடையே உருவாகும் கூட்டுறவுதான் அது. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் அதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே நம்பிக்கை. தெரபிஸ்ட் இனிமையானவராக இருக்கிறாரே, ஆனால் இத்தனை வாரமாக எதற்குப் போகிறோம் என்றே தெரியவில்லையே என்று தோன்றினால், முதல் இரண்டில் ஏதோ குறைகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர்கள் மற்றவர்கள். அவர்கள் விடை சொல்லித் தருவதில்லை. எங்கே சறுக்குகிறோம் என்பதை நம்மோடு சேர்ந்து தேடிப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சியைச் செய்ய வேண்டியவர் நாம்.

முதல் சந்திப்பு

தனியாரிடம் போக மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்பினால் போதும். சிலர் பத்துப் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசிப் பார்க்க நேரம் தருவார்கள். கட்டணம் இல்லாத அந்த அழைப்பு கிடைத்தால் விடாதீர்கள். பிறகு படிவங்கள் வரும். பெயர், வயது, அவசரத்துக்கு யாரை அழைப்பது, உண்ணும் மருந்துகள், முன்பு சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா என்பவை ஒன்றில். ஒப்புதல் படிவம் இன்னொன்றில். ரகசியம், கட்டணம், சந்திப்பை ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டியது இதுதான்.

இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்காது. நொவீனாவிலோ தஞ்சோங் பகாரிலோ ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடியில் சின்ன அறை, இரண்டு நாற்காலி, நடுவில் டிஷ்யூ பெட்டி, இருவரும் பார்க்கிற மாதிரி ஒரு கடிகாரம். படுக்கச் சொல்வார்களோ என்ற பயம் வேண்டாம், உட்கார்ந்துதான் பேசுவீர்கள். நேரம் வழக்கமாக 50 முதல் 60 நிமிடம்.

முதல் சந்திப்பில் கேள்விகள்தான் அதிகம். "இப்ப வரணும்னு ஏன் தோணுச்சு?" என்பது அநேகமாக வரும். பிரச்சினை ஐந்து வருடமாக இருந்திருக்கலாம், ஆனால் போன வாரம் ஏதோ நடந்ததால்தானே போனை எடுத்தீர்கள். அங்கேயிருந்து பேச்சு நீளும். தூக்கம், பசி, வேலை, வீட்டில் யார் யார், குடிப்பழக்கம், உடல் நோய் எல்லாம் கேட்பார். பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பச் சொல்லலாம். கடந்த இரண்டு வாரத்தில் மனம் எவ்வளவு சோர்ந்திருந்தது என்பதை 0 முதல் 27 வரை ஓர் எண்ணாக அது காட்டும். சில வாரம் கழித்து மறுபடி நிரப்பினால் மாற்றம் தெரியும்.

"செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று ஒரு கட்டத்தில் நேராகவே கேட்பார். திடுக்கிட வேண்டாம், வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் போலீசைக் கூப்பிடுவார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு: தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் அல்ல. இருண்ட எண்ணம் வருகிறது என்று சொன்னாலே ஆஸ்பத்திரியில் அடைத்துவிட மாட்டார்கள். அது எவ்வளவு அருகில் இருக்கிறது, திட்டம் ஏதும் உண்டா, யார் துணை இருக்கிறார்கள் என்று பேசுவார்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. "இதைப் பத்தி இப்போ பேச வேணாம்" என்றால் நல்ல தெரபிஸ்ட் அங்கேயே நிறுத்திக்கொள்வார். அழுதால் அழுங்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். பேச்சு நின்றுபோய் அமைதி நிலவினால் அதை நிரப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு இல்லை.

வெளியே வரும்போது லேசாக உணர்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். சிலருக்கு அப்படித்தான். பலருக்குத் தலை கனத்து, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். வருடக்கணக்காக மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். அதனால் முதல் சந்திப்பு முடிந்த அடுத்த நிமிடமே அலுவலகக் கூட்டத்துக்கு ஓடுகிற மாதிரி நேரம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொன்னது வெளியே போகுமா?

நம் சமூகத்தில் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது, நியாயமானதும்கூட. தமிழ் பேசுவோர் வட்டம் இங்கே சின்னது. கோயிலில் பார்ப்போம், தேக்கா சந்தையில் பார்ப்போம், கல்யாணத்தில் பார்ப்போம். யாரோ ஒரு அத்தை வழியாக எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

நீங்கள் அங்கே வந்தீர்கள் என்பதே ரகசியம். உங்கள் கணவரோ மனைவியோ போன் செய்து "அவங்க அங்க வர்றாங்களா?" என்று கேட்டாலும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் பதில் சொல்லக் கூடாது. தேக்காவில் எதிரே வந்தாலும் பெரும்பாலான தெரபிஸ்டுகள் தாங்களாக வணக்கம் சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேசினால் பேசுவார்கள், இல்லையென்றால் தெரியாதவர் மாதிரிப் போய்விடுவார்கள். அது அலட்சியம் இல்லை, உங்களைக் காப்பதற்காகத்தான். இருவருக்கும் பொதுவான நெருங்கிய உறவோ நட்போ இருப்பது தெரிந்தால், நல்ல தெரபிஸ்ட் உங்களை வேறொருவரிடம் அனுப்பிவைப்பார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் உண்டா என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ரகசியத்துக்கு எல்லைகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால் அவர் வெளியே சொல்ல வேண்டியிருக்கும். சில கடுமையான குற்றங்கள் பற்றித் தெரியவந்தால் போலீசிடம் தெரிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் எல்லார்மீதும் கடமை விதிக்கிறது, தெரபிஸ்டும் அதற்கு விலக்கு இல்லை. தவிர, தெரபிஸ்டுகள் தங்களைவிட மூத்த ஒருவரிடம் தங்கள் வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கம். இதற்கு மேற்பார்வை என்று பெயர். அங்கே உங்கள் அடையாளம் மறைக்கப்படும். இதையெல்லாம் முதல் நாளே அவராகவே விளக்க வேண்டும். விளக்கவில்லை என்றால் கேளுங்கள்.

வேலைக்குத் தெரிந்துவிடுமோ என்பது அடுத்த பயம். நீங்களே பணம் கட்டிப் போனால் முதலாளிக்குத் தகவல் போக வழியில்லை. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று கேட்கக் கூடாது என்று 2020இலேயே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் மனநலப் பாதிப்பையும் சேர்த்திருக்கிறது. காப்புறுதி விஷயம் வேறு. புதிய பாலிசி எடுக்கும்போது மருத்துவ வரலாற்றைக் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அதனால் முடிவு மாறலாம். காப்புறுதியை நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். தூங்காமல் கழியும் மாதங்களுக்கு எந்த பாலிசியும் ஈடு தராது.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில் தெரபி தரும் தனியார் இங்கே அதிகம் பேர் இல்லை. ஆங்கிலத்தில் வேலை பார்த்தாலும், அப்பா அடித்த நாளை நினைக்கும்போது அவர் திட்டிய வார்த்தை தமிழில்தான் காதில் கேட்கும். அதை மொழிபெயர்த்துச் சொன்னால் சூடு ஆறிவிடுகிறது. மறுபக்கம், தமிழே தெரியாத ஒருவரிடம் பேசுவது சிலருக்கு அதிக விடுதலை, "நம்ம ஆளு என்ன நினைப்பாரோ" என்ற கூச்சம் இருக்காது. இரண்டும் சரிதான். ஆங்கிலத் தெரபிஸ்டிடம் போனாலும், குறிப்பிட்ட வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்லிவிட்டு அப்புறம் விளக்கலாம். மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது, வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது, சாதி பார்ப்பது இவற்றையெல்லாம் புரியவைப்பதிலேயே மூன்று சந்திப்பு போகிறது என்றால், ஆளை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பணம்

மறைக்காமல் பேசிவிடுவோம். தனியார் சைக்காலஜிஸ்ட் ஒரு சந்திப்புக்கு 150 முதல் 250 வெள்ளி வரை, சிலர் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். கவுன்சிலர்கள் ஓரளவு குறைவு. ஜிஎஸ்டி 9 விழுக்காடு அதற்கு மேல் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 180 வெள்ளி என்றால் எட்டுச் சந்திப்புக்கு 1,440 வெள்ளி. இதைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் பாதியில் நிற்பது ஆரம்பிக்காமல் இருப்பதைவிடச் சில நேரம் வலிக்கும். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் கேட்பது வழக்கம்.

தனியார் தெரபிஸ்டிடம் நேரே போனால் மெடிசேவ் (மத்திய சேமநிதியில் உள்ள மருத்துவச் சேமிப்பு) உதவாது. மனச்சோர்வு நோய், பதற்றக் கோளாறு, இருமுனைக் கோளாறு, ஸ்கிசோஃப்ரினியா ஆகிய நான்குக்கும், நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்த மருந்தகத்தில் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றால் ஆண்டு வரம்புக்குள் மெடிசேவிலிருந்து எடுக்கலாம். உங்கள் நிறுவனத்தின் ஊழியர் உதவித் திட்டத்தில் சில சந்திப்புகள் இலவசமாக இருக்கலாம், மனிதவளப் பிரிவின் பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள்.

கையைக் கடிக்கிறது என்றால் வேறு வழிகள் உண்டு. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரை வாங்கினால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம், காத்திருக்கத்தான் வேண்டும். வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்களில் ஆலோசனைக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் ஒரு குடும்பச் சேவை நிலையம் நடத்துகிறது. 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மனநலக் கழகத்தின் சாட் என்ற மனநல மதிப்பீட்டுச் சேவை இலவசம். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் தம்பிகளுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பு ஆலோசனை தருகிறது.

எத்தனை நாள்? ஒத்துவராவிட்டால்?

சிபிடி பொதுவாக 6 முதல் 20 சந்திப்பு. மற்ற முறைகள் நீளலாம். வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று இடைவெளி கூடும். நான்கைந்து சந்திப்புக்குப் பிறகு "நாம எங்க இருக்கோம்?" என்று இருவரும் நின்று பார்க்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

நம் பழக்கத்தில் இதுதான் கஷ்டம். படித்தவர், மூத்தவர், அவரிடம் போய் "நீங்க சொன்னது எனக்குச் சரியாப் படல" என்று எப்படிச் சொல்வது என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறோம். தயவுசெய்து அங்கேயே சொல்லிவிடுங்கள். "போன வாரம் நீங்க கேட்டது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று சொன்னால், அதைப் பற்றிப் பேசுவதே சிகிச்சையின் நல்ல பகுதியாக மாறுவதுண்டு. பேசியும் சரிவரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

உடனே எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. இத்தனை சந்திப்பில் குணமாக்கிவிடுவேன் என்று உறுதி கொடுப்பவர், மற்ற வாடிக்கையாளர் கதையை உங்களிடம் சொல்பவர், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், தன் மதத்தை உங்கள்மேல் திணிப்பவர், உடலைத் தொட்டு எல்லை மீறுபவர். இவர்களிடம் இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே வேண்டாம்.

சுருக்கமாக: முதல் சந்திப்பு விசாரிப்புக்கானது, ரகசியத்துக்குத் தெளிவான எல்லைகள் உண்டு, செலவை முன்பே கணக்கிட வேண்டும், கேள்வி கேட்கவும் ஆளை மாற்றவும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

தனியார் அறை போதாத நேரம்

யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, பல நாள் தூங்காமலே அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருக்கிறார், உயிரை விடத் திட்டம் வைத்திருக்கிறார் என்றால் அடுத்த வியாழக்கிழமை சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். அதன் உதவி எண் 6389 2222. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767இல் எந்நேரமும் அழைக்கலாம். 2025இல் தொடங்கிய தேசிய மைண்ட்லைன் என்ற மனநல உதவித் தொலைபேசியின் எண் 1771. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995.

முதல் செய்தியில் என்ன எழுதுவது?

பலர் மாதக்கணக்கில் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான், அதனால் ஒரு மாதிரி தருகிறேன். "வணக்கம். எனக்கு 34 வயது. சில மாதமாகத் தூக்கம் சரியில்லை, வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. இதற்கு முன் தெரபி எடுத்ததில்லை. வார நாள் மாலை நேரம் வசதி. நீங்கள் இந்த மாதிரிப் பிரச்சினையைப் பார்ப்பதுண்டா? தமிழிலும் பேச முடியுமா? கட்டணம் எவ்வளவு?" இவ்வளவு போதும். கதை முழுவதையும் எழுத வேண்டாம். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதில் தப்பில்லை, சிலரிடம் இடம் இருக்காது, சிலர் பதில் போட நாளாகும். பதில் எழுதும் விதத்திலேயே, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறவர் யார் என்பது தெரிந்துவிடும். அவரிடம் முதல் சந்திப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.